பனிமலையில் அக்கா சொன்ன 'வேண்டாம்'

கார்ன்ஃப்ளவர் பாக்கெட்டை எடுத்து விரலால் அமுக்கினால் ஒரு சத்தம் வரும். கிறீச் என்று சொன்னால் கூடிப்போகும், கரகர என்றால் குறைந்துபோகும். மாவு தன் பல்லைத் தானே மெல்லக் கடித்துக்கொள்வது போன்ற சத்தம். பீளமேட்டில் என் சமையலறையில், வெளியே காலேஜ் பஸ்கள் ஹாரன் அடித்துத் திரும்பும் காலை வேளையில், சூப்புக்குக் கரைக்க எடுத்த பாக்கெட்டைக் கரைக்காமல் அமுக்கிக்கொண்டே நிற்கிறேன். ஒரு அமுக்கு, காலடியில் பனி. இன்னொரு அமுக்கு, கணுக்கால் வரை புதைகிறது. இன்னும் ஒன்று, எனக்கு முன்னால் அக்கா நடக்கிறாள், சுடிதாருக்குள் ஒரு கம்பளிப் பேண்ட், மேலே மகளின் பெரிய கோட்டு, தலையில் குரங்குக் குல்லா, கைகளை விரித்துக்கொண்டு, வெள்ளை உலகத்தில் ஒரு சாம்பல் நிறப் பறவை மாதிரி.

எங்கள் அப்பா மில்லில் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் பகுதியில் வேலை பார்த்தவர். மாவு மூட்டைகள் அடுக்கிய அந்தக் கொட்டகையில் சின்ன வயதில் நானும் அக்காவும் மூட்டைமேல் ஏறிக் குதித்து வசவு வாங்கியிருக்கிறோம். அதனால் ஆல்ப்ஸ் மலையில் முதன்முதலாகக் காலை வைத்ததும், நான் வாயடைத்து நிற்க, அக்கா இப்படித்தான் சொன்னாள்.

"ஏனம்மிணி, கஞ்சி மாவாட்டமே சத்தம் போடுது."

அக்காவுக்கு ஒரே மகள். சுவிட்சர்லாந்தில் நூற்பு மெஷின் செய்யும் கம்பெனி ஒன்றில் எஞ்சினியர். கோயமுத்தூர் மில்களுக்கு அந்தப் பக்கத்திலிருந்து காலங்காலமாக மெஷின் வருகிறது. பதிலுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு பெண் போனாள் என்று அக்கா வீட்டுக்காரர் சிரிப்பார். அவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. சென்ற வருஷம் மகளின் கல்யாண வாழ்க்கையும் முடிந்துபோயிற்று. சண்டை இல்லை, பஞ்சாயத்து இல்லை. அவன் வேறு ஊருக்கு வேலை மாற்றிக்கொண்டு போனான், இவள் அதே வீட்டில் பாதிச் சாமான்களோடு இருந்தாள். வீடியோ காலில் பேசும்போது அவளுக்குப் பின்னால் சுவரில் ஒரு ஆணி தெரியும், படம் இருக்காது. அக்கா அந்த ஆணியைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. ஆணியைப் பார்த்துக்கொண்டே, சாப்பிட்டாயா என்று கேட்பாள்.

இங்கே அக்காவின் ஆர்.எஸ்.புரம் வீட்டில் ஒரு தனி. அங்கே மலைக்கு அடியில் ஒரு தனி.

குளிர்காலத்துக்கு நீங்களும் சின்னம்மாவும் வந்துவிட்டுப் போங்கள் என்று அவள் கூப்பிட்டபோது நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் எப்போதும் அங்கேதான் சாப்பாடு. பேச்சு முடியப்போகும் நேரத்தில் அந்தப் பெண் கேட்டாள்.

"சின்னம்மா திரும்பிப் போகட்டுங்மா. நீங்க விசா இருக்கற வரைக்கும் எங்கூட இருந்துட்டுப் போறீங்ளா?"

"எனக்கெதுக்கு கண்ணு அந்தக் குளுரு. சின்னம்மா கூடவே வந்தர்றேன்."

"சரிங்மா."

இரண்டு பேருக்கும் போக வர டிக்கெட் போட்டாயிற்று. அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். குளிர் ஒத்துக்கொள்ளாதுதானே, ஊர் வெயிலில் காய்ந்த உடம்பு, என்று நானும் நினைத்துக்கொண்டேன். அந்தச் 'சரிங்மா'வில் ஏதோ ஒரு கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது எனக்குக் கேட்கவில்லை.

மகள் எங்களைக் கூட்டிக்கொண்டு போன ஊர் பெரிய இடத்து மனிதர்கள் விடுமுறைக்கு வரும் ஊர். கார் உள்ளே வரக்கூடாது. பல் சக்கரம் வைத்த ரயில் மலையைக் கடித்துக் கடித்து ஏறுகிறது. இறங்கினால் குதிரை வண்டி, சக்கரத்துக்குப் பதில் சறுக்குக் கட்டை, குதிரைக் கழுத்தில் மணி. ரோமக் கோட்டுப் போட்ட பெண்மணிகள், அவர்கள் கையில் கோட்டுப் போட்ட நாய்கள். கடைக் கண்ணாடிக்குள் ஒற்றைக் கைக்கடிகாரம் ஒரு கோயில் சிலையைப் போல வெளிச்சத்தில் குளித்துக்கொண்டு தனியாக இருந்தது. எங்கள் ஓட்டலில் பூட்ஸுக்கென்றே ஒரு அறை; சுவரெல்லாம் சூடான முளைகள், அவற்றில் பூட்ஸைத் தலைகீழாக மாட்டிவைத்தால் காலைக்குள் காய்ந்து கதகதவென்று இருக்கும். அக்கா அந்த அறையில் நின்று முளையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இந்த ஊரில் பூட்ஸாகப் பிறந்திருக்கலாம் என்றாள்.

சாமான் வாடகைக்குத் தரும் கடையில் எனக்குச் சறுக்குப் பூட்ஸ், அக்காவுக்குப் பனியில் நடக்கிற ஷூ. இருவருக்கும் கால் அளவு எடுத்தார்கள். சறுக்குப் பூட்ஸ் என்பது இரண்டு காலுக்கும் மாவுக்கட்டுப் போட்ட மாதிரி. நான்கு கொக்கிகளையும் டக் டக்கென்று இழுத்து மாட்டியதும் எலும்பு தன் இருப்பை அறிவிக்கிறது. அதோடு நடப்பது நடையே இல்லை. திருவிழாக் கூட்டத்தில் யாரோ நம்மைத் தூக்கித் தூக்கி வைப்பது மாதிரி.

மகள் நன்றாகச் சறுக்குவாள். எங்களுக்கென்று ஒரு சொல்லித்தருபவரை ஏற்பாடு செய்துவிட்டு அவள் உயரத்துச் சரிவுகளுக்குக் கம்பியில் தொங்கும் நாற்காலியில் போய்விட்டாள். சிவப்புக் கோட்டுப் போட்ட அந்த டீச்சரம்மாவுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். வெயிலும் பனியும் மாறி மாறி அறைந்து முகம் கருப்பட்டி நிறம், கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெள்ளை. எனக்குச் சறுக்குக் கட்டைகளை மாட்டிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்து நிறுத்தி நிதானமான ஆங்கிலத்தில், நீங்களும் முயற்சி செய்கிறீர்களா என்று கேட்டார். அக்கா வலது கையை நெஞ்சில் வைத்து, நோ நோ, தேங்க் யூ என்றாள். டீச்சர் அழகாகச் சிரித்து, சரி என்று தலையாட்டி, என் பக்கம் திரும்பிவிட்டார்.

அப்புறம் நான் விழுந்தேன். பக்கவாட்டில், பின்பக்கம், ஒருதரம் நின்ற இடத்திலேயே. பள்ளத்தைப் பார்த்தால் உடம்பு பின்னால் சாயும், பின்னால் சாய்ந்தால் கட்டை முன்னால் ஓடிவிடும். பள்ளத்தின் பக்கம் சாய வேண்டும் என்கிறார் டீச்சர். பயம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் நெஞ்சைக் கொடு. சொல்ல எளிது. நிற்க வேண்டுமென்றால் கட்டைகளின் முன்நுனிகள் ஒன்றையொன்று பார்க்கவேண்டும், குதிகால்களை வெளியே தள்ளவேண்டும், கூரை மாதிரி. என் இடுப்பளவு கூட இல்லாத குழந்தைகள் கூரை போட்டுக்கொண்டு என்னைச் சுற்றி வழிந்து போயின.

நாலாவதோ ஐந்தாவதோ தரம் மல்லாந்து கிடந்தபோதுதான் பார்த்தேன். பெஞ்சுக்கு அடியில் அக்காவின் ஷூக்கள். ஒரு குழந்தை சரிவில் இறங்குகிறது, ஷூ நுனிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன, குதிகால்கள் வெளியே போகின்றன. குழந்தை நிற்கிறது, ஷூக்களும் தளர்கின்றன. அடுத்த குழந்தை வருகிறது. மறுபடியும் கூரை. மேலே முகம் எதையுமே பார்க்காதது போல மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மதியம் மலை உச்சி உணவகத்தின் வெளிமுற்றம். நாற்காலிகளில் ஆட்டுத்தோல் விரித்திருந்தார்கள். வெயில் கத்தியைப் போல, ஆனால் சுடவில்லை. காற்றில் உருகிய பாலாடைக்கட்டி வாசம். மகள் கன்னம் சிவந்து வந்து உட்கார்ந்தாள். ஊரில் பார்த்த பெண் இல்லை அவள். கண்ணுக்குக் கீழே யாரோ பென்சிலால் தேய்த்த மாதிரி இருந்தது.

"அம்மா, சூப் சாப்புடறீங்ளா?"

"வேண்டாம் கண்ணு, பசிக்கல."

மகள் பரிமாறுபவரிடம் திரும்பி இரண்டு சூப் சொன்னாள். இரண்டு கிண்ணம் வந்தது. அக்கா ரொட்டித் துண்டு ஒன்றைப் பிய்த்துக்கொண்டு, மலை எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்றாள்.

எங்கள் பக்கம் கேட்பது என்றால் அது வேறு. ஒறம்பரையாக, அதாவது விருந்தாளியாக, ஒரு வீட்டுக்குப் போகிறோம். காபி குடிக்கிறீங்களா என்கிறார்கள். இப்பத்தானுங்க குடிச்சுப்போட்டு வாரேன் என்கிறோம். குடித்திருக்க மாட்டோம், அது அவர்களுக்கும் தெரியும். காதில் விழாத மாதிரி பால் அடுப்பில் ஏறும். குடிங்க, ஒரு வாய்தான் என்பார்கள். எதுக்குங்க உங்களுக்குச் சிரமம் என்போம். மூன்றாவது தரம் யாரும் வாயால் கேட்பதில்லை. டம்ளர் கைக்கு வந்துவிடும், சுடச்சுட, இனி மறுத்தால் கைதான் வேகும். கேட்ட உடனே சரி என்பவரைப் பற்றி அவர் போன பிறகு பேசுவோம். ஒருதரம் கேட்டுவிட்டு விட்டுவிடுகிறவரைப் பற்றி இன்னும் அதிகமாகப் பேசுவோம். பக்கத்து வீட்டுக்கு வெளியூரிலிருந்து புதிதாக வந்த அம்மாள் டீ வேண்டுமா என்று அக்காவிடம் கேட்டு, வேண்டாம் என்றதும் ஓகே என்று பேச்சைத் தொடர்ந்தார். அன்றைக்குத் தலைவலியோடு வீட்டுக்கு வந்து தானே காபி போட்டுக் குடித்ததை அக்கா பல வருஷமாகச் சொல்கிறாள்.

அந்தப் பெண்ணிடம் இந்தப் பழக்கம் எப்போது உதிர்ந்தது என்று தெரியவில்லை. கல்மனசு இல்லை அவளுக்கு. அவள் இருக்கும் ஊரில் ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம். திரும்பக் கேட்டால் அத்துமீறல். அதுவும் மரியாதைதான், நல்ல மரியாதை. இரண்டு மரியாதைக்கு நடுவில் ஒரு கிண்ணம் சூப் வராமல் போயிற்று. என் கிண்ணத்தை நகர்த்தி, கரண்டியை அக்காவின் கையிலேயே வைத்தேன். கடகடவென்று பாதியைக் குடித்தாள்.

பொழுது சாயும் நேரம் ஓட்டல் அறையில், எதிர்ச் சிகரம் ரோஜாப்பூ நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்க, அக்கா ஊரிலிருந்து கொண்டுவந்த தைலத்தை என் முழங்காலில் தேய்த்தாள்.

"நீ விழுகற அழகப் பாத்து அந்தக் கொழந்தைங்களே அக்கட்டால ஒதுங்கிப் போச்சு."

"நீங்களும் வந்திருந்தா தெரிஞ்சிருக்குங்க்கா."

"ஆரு கூப்புட்டாங்க என்னய?"

டீச்சர் கேட்டாரே என்றேன்.

"கேட்டா. ஒருக்கா கேட்டுப்போட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. அது கேட்டதுல சேத்தியா?"

தைல வாசம் அறை முழுக்க. கை முழங்காலைச் சுற்றிச் சுற்றி வந்து, நின்றது.

"இவளுந்தான் கேட்டா. போன்ல."

சன்னலில் சிகரம் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் விட்டது. நான் வேண்டுமானால் அவளிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"நீ சொல்லி அவ கேட்டா, அது நீ கேட்டதுதான. வுடு. அவளுக்கு ஒத்தையா இருக்கறதுதான் புடிச்சிருக்குதோ என்னமோ. போச்சாது."

போச்சாது என்றால் எங்கள் பக்கத்தில் பரவாயில்லை என்று அர்த்தம். பரவாயில்லை என்கிற முகம் இல்லை அது.

மகளிடம் சொல்லக்கூடாது. டீச்சரிடம் சொல்லக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. மறுநாள் காலை அவரைத் தனியாக ஓரம்கட்டி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எங்கள் ஊரில் ஒருதரம் கேட்டால் கேட்டதாக ஆகாது என்று விளக்கினேன். அவர் புருவத்தைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டார், ஏதோ புதிய வகைச் சரிவைப் பற்றிச் சொல்கிறேன் என்பதைப் போல. எத்தனை தரம் என்றார். இரண்டு தரம் வாயால், அப்புறம் கையால் என்றேன். கையால் என்றால் என்று யோசித்துக்கொண்டே போனார்.

பெஞ்சருகே போய்க் கேட்டார். அக்காவின் வலது கை நெஞ்சுக்குப் போயிற்று, நோ நோ. மறுபடியும் கேட்டார். அக்கா முழங்காலைத் தொட்டுக் காட்டினாள், வலியாம், வலி எனக்குத்தான். டீச்சர் நேரே கடைக்குள் போனார். முதல் நாள் எடுத்த அளவு இருந்தது. ஒரு ஜோடிச் சறுக்குப் பூட்ஸோடு வந்து, பனியில் மண்டியிட்டு, கொக்கிகளைத் திறந்து, பூட்ஸின் வாயை அகலப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அக்கா என்னைப் பார்த்தாள்.

"என்னம்மிணி இது, இவிய வுடமாட்டாங்களாட்ட இருக்குது."

குறை சொல்கிற குரல். கால் அதற்குள் ஷூவிலிருந்து வெளியே வந்துவிட்டது.

சரிவில் ஏறுவதற்குத் தரையோடு நகரும் ஒரு பட்டை உண்டு. விமான நிலையத்தில் பெட்டி வருவதைப் போல அக்கா அதில் நின்று மேலே போனாள், குழந்தைகளுக்கு நடுவில், கோட்டும் குல்லாவுமாக. முதல் தரம் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த தரம் உட்கார்ந்து, சிரித்து, எழ முடியாமல் இன்னும் சிரித்து, டீச்சரையும் இழுத்துக்கொண்டு விழுந்தாள். அதற்கடுத்த தரம் வந்தாள். காந்திபுரத்தில் பஸ் ஏறி இரண்டு கையிலும் பையோடு கம்பியைப் பிடிக்காமல் நின்று பழகிய கால்கள் அவை; டிரைவர் எப்போது பிரேக் போடுவார் என்று முழங்காலுக்குத் தெரியும். நெஞ்சு பள்ளத்தின் பக்கம். குல்லா நழுவி, நரைத்த முடி பறக்க, வேகமாகக்கூட இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போல நிதானமாக, அந்தச் சின்னச் சரிவு முழுவதும் அவளுடையதாக இறங்கி வந்து, கூரை போட்டு நின்றாள்.

மகள் எந்நேரம் வந்து நின்றாள் என்று நான் கவனிக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து வேண்டான்னு சொன்னீங்ளேம்மா?"

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, சறுக்கிய சந்தோஷத்தில் வந்த வார்த்தை.

"நேத்து ஒருக்காத்தான கண்ணு கேட்டாங்க."

சொல்லிவிட்டு மறுபடியும் பட்டையைப் பார்த்து நடந்தாள். மகள் நின்ற இடத்திலேயே நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கக்கூடாது என்று தோன்றியது. குழந்தைகள் வழிந்து போய்க்கொண்டிருந்தன. அவள் கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடியும் கழற்றினாள்.

அன்று மதியமும் சூப் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். அக்காவும் பசிக்கவில்லை என்றாள். மூன்று கிண்ணம் வந்தது.

ஆனால் மற்றதை, கூட இருந்துவிட்டுப் போகிறீர்களா என்பதை, அவள் மறுபடி கேட்கவில்லை. மலையிலிருந்து இறங்கி அவள் வீட்டுக்கு வந்தோம். ஆணி அப்படியே இருந்தது. அக்கா சமைத்தாள், ஜன்னல் துடைத்தாள், பக்கத்துக் கடைக்காரரிடம் தமிழிலேயே கீரை கேட்டாள். மகள் ஆபீஸ் விட்டு வந்து சாப்பிட்டுவிட்டு அம்மா தோளில் சாய்ந்து டிவி பார்த்தாள். ஒவ்வொரு நாளும் இன்றைக்குக் கேட்பாள் என்று இருந்தேன். சூப்புக்கு மறுபடி கேட்பது சுலபம். இதற்கு மறுபடி கேட்டு, அந்த இரண்டாவது வேண்டாம் நிஜமான வேண்டாமாக இருந்துவிட்டால்? ஏற்கெனவே ஒருவர் போன வீடு. அந்தப் பெண்ணின் பயம் எனக்குப் புரிந்தது. அவளுக்கும் பள்ளத்தின் பக்கம் சாய வேண்டியிருந்தது.

கிளம்பும் நாளும் வந்தது. விமான நிலையத்தில் தள்ளுவண்டியில் என் பெட்டி, அக்காவின் பெட்டி. அடையாளத்துக்கு அக்கா பெட்டியில் பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கட்டியிருந்தாள். வரிசை நகர்ந்தது. எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு குடும்பம் இருக்கும்போது மகள் வண்டியின் கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினாள்.

"அம்மா, இருங்ளேன்."

"டிக்கெட் போட்டாச்சே கண்ணு."

"இருந்தா டிக்கெட்ட மாத்திக்கலாங்மா."

அக்கா சேலைக் கரை முடிச்சைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது.

"உனக்கெதுக்குச் சிரமம்."

அதைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. பால் அடுப்பில் ஏறிவிட்டது. மகள் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. குனிந்து, அக்காவின் பெட்டியை வண்டியிலிருந்து இறக்கி, தன் காலோடு ஒட்டி நிறுத்தி, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மண்டியிட்டுப் பூட்ஸைப் பிடித்த டீச்சர் எனக்கு ஞாபகம் வந்தார்.

"பொட்டிய எறக்கிப்போட்டாளே இவ" என்று அக்கா என்னிடம் முறையிட்டாள். அன்றைக்குப் பெஞ்சில் பார்த்த அதே முகம்.

வண்டியில் என் பெட்டி மட்டும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் எனக்குள் வரிசையாக வந்து நின்றன, அக்கா வீட்டு ரசத்தின் ஆவியோடு. வாங்க்கா போலாம் என்றேன். சொல்லாமல் விட்டால் அது தங்கைக்கு அழகில்லை. நீ போ அம்மிணி என்றாள். நான் இரண்டாம் தரம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வந்திருப்பாள்.

வீட்டுச் சாவியை என் கையில் வைத்து அழுத்தினாள். கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னாள், ஃப்ரிட்ஜில் இருக்கிற மாவை எடுத்துக் கொட்டச் சொன்னாள், பால்காரரிடம் இப்போதைக்குப் பால் வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளே போகும் கண்ணாடித் தடுப்பு வரைக்கும் இருவரும் வந்தார்கள், நடுவில் அந்தப் பெட்டி உருண்டு வந்தது. நான் தடுப்பைத் தாண்டியதும் அக்கா எம்பி நின்று சொன்னாள்.

"எறங்குனதும் கூப்புடு அம்மிணி. ஒருக்கா எடுக்கலீன்னா வுட்டுறாத, இன்னொருக்கா கூப்புடு."